ஐந்தாவது கட்டம்

திரையில் ஐந்து கட்டங்கள். நான்கில் முகங்கள். ஐந்தாவது வெறும் கறுப்பு.

கறுப்புக் கட்டத்துக்காரிக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அவளுடைய கேமராவும் பழுது, மைக்கும் பழுது. எழுதித்தான் பேசுவாள். ஆனாலும் வாய் ஓயாது.

நான்காவது கட்டத்தில் இருந்தவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அது வீட்டு உள்அலங்காரம் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் கடைசிப் பயிற்சிக்கு மட்டும் ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும்.

தலையை ஆட்டுகிறவள் வகுப்புச் செயலியில் ஒவ்வொரு குழுவாகக் கேட்டுப் பார்த்தாள். பச்சைப் புள்ளிகள் எரிந்தன, பதில்தான் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் வாயாடி வந்தாள். இந்தக் குழுவில் இருந்த மூன்று பேரையும் இரண்டே வரியில் சிரிக்கவைத்து உள்ளே நுழைந்தாள். நுழைந்த கையோடு, ‘இன்னும் ஒரு இடம் இருக்கே, பாவம், இவளையும் சேர்த்துக்கலாம்’ என்று எழுதினாள். சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று, ஐவரும் வரைந்த சமையலறை தேறிவிட்டது.

“ஏய் வாயாடி, இன்னைக்காவது உன் மூஞ்சியக் காட்டேன்டி,” என்றாள் குழுத்தலைவி.

‘காட்டுவேன். அப்புறம் தூக்கம் வரலைன்னா என்னைக் கேக்கக்கூடாது.’

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காவது கட்டத்தில் இருந்தவளும் சிரித்தாள், கைகளை மேசைக்கு அடியில் வைத்தபடி.

நாளையிலிருந்து வகுப்பு கிடையாது. அம்மா வேலை முடிந்து வரும்வரை பேச ஆளில்லை. ‘தொடர்பில் இருப்போம்’ என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு.

“சரிடி, பை.”

கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மேசைமேல் இருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கம்மென்று கிடந்தது.

மடியில் இருந்த அம்மாவின் பழைய போன்தான் அதிர்ந்தது.

புதிதாக ஒரு வாட்ஸப் குழு. ‘வாயாடி, இனிமே நாம நாலு பேரும் இங்கதான்.’

பழகிய வேகத்தில் அவள் விரல்கள் எழுதின. ‘அவளையும் சேர்த்துக்கலாமே.’

‘அவளா? அவ இருந்தாளா இல்லையான்னே தெரியலையேடி.’

அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஆனாலும் கிடைத்த இடத்தை விட மனம் வரவில்லை.

‘அதுவும் சரிதான்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தையும் போட்டு அனுப்பினாள்.

உடனே பதிலுக்கு மூன்று சிரிப்பு முகங்கள் வந்தன.