பத்து அல்லது முட்டை

பாட்டுப் போட்டிக்கு ஐந்து நடுவர்கள். அவர்களில் பிரபல பாடகருக்கு மற்ற நால்வரைக் கண்டாலே இளக்காரம். ஆறு, ஏழு என்று மழுப்பும் சராசரிப் பேர்வழிகள்! அவர் போட்டால் பத்து, இல்லாவிட்டால் முட்டை.

இன்று அவரிடம் முட்டை வாங்கிய பெண்ணுக்கே முதல் பரிசு. செயலாளர் மேல் எரிந்து விழுந்தார்.

"நான் முட்டை போட்டவ எப்படிய்யா ஜெயிச்சா?"

"சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி, இருக்கறதுலயே அதிகமான மார்க்கையும் குறைவான மார்க்கையும் தூக்கிடுவோம் சார்."

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்டது?"

"ஒண்ணுகூடக் கணக்குல வரலை சார். போஸ்டர்ல உங்க படத்தைப் போட்டா கூட்டம் அள்ளுது, முடிவும் கெடறதில்லை. அடுத்த வருஷமும் அவசியம் வந்துடுங்க!"