தத்ரூபம்

“உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா? மூணு நாளா ஒரு மீன் செத்துக்கிட்டே இருக்கு. பார்க்கவே வயித்தைப் பிசையுது.”

போனில் கத்தியவர் ஸ்கேன் சென்டர் மேனேஜர். வாங்கிக் கட்டிக்கொண்டவன், அவர்கள் ஹாலில் ஓடும் மீன் தொட்டி ஸ்க்ரீன்சேவரைத் தயாரித்தவன்.

வீட்டில் அவனுக்கு மீன்காரர் என்று பட்டப்பெயர். “தூண்டிலைக் கையால தொட்டதில்ல, இவர் மீன்காரராம்” என்பாள் மனைவி.

“சார், என் மீன் எதுவும் சாகாது. சாகுற மாதிரி நான் பண்ணவே இல்லையே.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? ஸ்கேனுக்கு வர்றவங்க ஏற்கெனவே பாதி உயிராத்தான் வர்றாங்க. அவங்க எதிர்ல இப்படி ஒரு கோரமா? உடனே வந்து சரி பண்ணுங்க. இல்லேன்னா எங்க மத்த கிளைகளுக்கு உங்க மீனே வேண்டாம்.”

அந்தக் கிளைகளை நம்பித்தான் இருந்த வேலையையும் விட்டிருந்தான். ஓடினான்.

ஸ்க்ரீன்களை மாட்டியது வேறு ஆள். அவன் அந்த ஹாலுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. சுவரில் வரிசையாக மூன்று கண்ணாடிச் சட்டங்கள். இரண்டில் அவனுடைய மீன்கள் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன. மூன்றாவதன் எதிரே மட்டும் நாற்காலிகள் காலி.

“அது என்னையே பார்க்குது” என்றாள், ரிப்போர்ட் உறையோடு தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

உண்மைதான். ஆரஞ்சு மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கண்ணில் மெல்லிய பால் படலம். செவுள் தூக்கும்போதெல்லாம் உடம்பு முழுக்க அதிர்ந்தது.

பயந்துகொண்டு வந்தவனுக்கு, பார்த்ததும் பொறாமைதான் வந்தது. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒரு செவுளை இவ்வளவு தத்ரூபமாக அவனால் கொண்டுவர முடிந்ததில்லை. போனை எடுத்து, கிட்டப் போய், நிதானமாக வீடியோ எடுத்துக்கொண்டான்.

“யார் சார் என் புரோகிராம்ல கை வச்சது?”

“எனக்கென்ன தெரியும்? நான் இங்க வந்ததே இந்த மாசம்தான்.”

மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரை நோண்டினான். அவன் எழுதியது எழுதியபடியே இருந்தது. சாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

“பேசாம அணைச்சுடுங்க” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

அணைத்தான். போதாதென்று பிளக்கையும் பிடுங்கினான். முதல் இரண்டு சட்டங்களும் கருத்துப் போயின.

மூன்றாவதில் அந்த மீன் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

ரிப்போர்ட் வைத்திருந்த பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் அந்தச் சட்டத்தின் மேல்மூடியைத் தூக்கினான்.

அழுகல் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூடிக்கடியில் தானாகத் தீனி கொட்டும் டப்பா ஒன்று. பக்கத்தில் காற்று விடும் மோட்டார். அதன் பிளக் தரையில் கிடந்தது.

“அதுவா? கர்ர்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் பிடுங்கச் சொன்னேன்” என்றார் மேனேஜர்.

“முன்னாடி இங்க ஒரே ஒரு தொட்டிதான் இருந்துச்சாம் சார். அதுக்கு ஜோடியாத்தான் மத்த ரெண்டு ஸ்க்ரீனையும் மாட்டினாங்களாம்” என்று இழுத்தாள் ரிசப்ஷன் பெண்.

கையிலிருந்த போனைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. அவசரமாகக் குனிந்து பிளக்கைச் சொருகினான்.

“சார், இது படம் இல்ல. நிஜ மீன். மூச்சு முட்டித் துடிக்குது. சீக்கிரம் ஒரு வாளி நல்ல தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க.”

மேனேஜர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“நிஜ மீனா? நல்ல வேளை தம்பி, நான் ஸ்க்ரீன்தான் போச்சுன்னு பயந்தே போயிட்டேன். அது கிடக்கட்டும், முதல்ல உங்க மீனை ஓட விடுங்க.”