தேர்வுக்குத் தேவையானது மட்டும்

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டுவதற்கான எழுத்துத் தேர்வுக்கு, விபத்தில் இறந்த கேப்டன் துரைசாமியின் நினைவைத்தான் மெர்லின் பாடமாகத் தேர்ந்தெடுத்தாள். அதை முழுதாகத் தன் மூளையில் ஏற்ற ஒரு மாதம் ஆகுமாம். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? 'தேர்வுக்குத் தேவையானது மட்டும்' என்பதைத் திரையில் தொட்டாள். கேப்டனின் மீதி நினைவு அப்போதே அழிந்துபோனது.

அந்த நினைவை ஏற்றி அவள் தேர்ச்சி பெற்றதைக் கேள்விப்பட்டு, கேப்டனின் மனைவி கோமதி மைசூர்பாகோடு வீடு தேடி வந்தார்.

"கடைசி நேரத்துல என்னை நெனச்சாராம்மா? உனக்குத்தானே தெரியும்."

மெர்லின் கண்ணை மூடித் தேடினாள். உயரம் காட்டும் முள் மட்டும் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"நெனச்சாருக்கா. உங்க பேரைத்தான் சொன்னாரு."

கோமதி ஆசையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பேரும்மா? வீட்டுல அவர் என்னைக் கோமதின்னு கூப்பிட்டதே இல்லையே."