நாலு நிமிஷம் பின்னால்

“ஓடுற கடிகாரம் மெதுவாப் போகும்னு நீதானட்டி சொன்னே? இந்தா, சாட்சி என் கையிலயே இருக்கு!”

தேவநேசன் தன் பழைய சாவி வாட்சை மகளின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

கெசியா தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்லூரியில் நூறு பேருக்குச் சார்பியல் கோட்பாடு நடத்துகிறவள் அவள். கட்கி ஊரில், இந்த இரண்டு அறை வீட்டில், ஒரே ஒருவரைச் சமாளிக்க முடியவில்லை.

அப்பா முப்பது வருஷம் லோனாவாலா லோக்கல் ரயிலை ஓட்டியவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இன்று பத்து மணிக்கு கேம்ப் பகுதி சர்ச் ஹாலில், வாலிபர் சங்கக் கூட்டத்தில் ‘நேரம்’ என்ற தலைப்பில் பேசப் போகிறார். வாட்சைக் காட்டி அறிவியலையே நிரூபிக்கப் போவதாக ஒரு வாரமாக வீட்டை இரண்டுபடுத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, எங்க டிபார்ட்மென்ட் ஹெட் சந்திரிகா மேடம் வராங்க. என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வராங்க. என் மானத்தை வாங்காதீங்க!”

“அவங்க முன்னாடிதான் சொல்லணும். முப்பது வருஷம் ஓடுற வண்டியில உக்காந்தவன் நான். அவங்க நாற்காலியில உக்காந்து படிச்சவங்க.”

“தத்துவம் சரிதான்ப்பா. ஆனா வெளிச்சத்தோட வேகத்துக்குக் கிட்டத்துல போனாத்தான் அது நம்ம கண்ணுக்குத் தெரியும். நீங்க முப்பது வருஷம் ஓட்டினதுக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பாத்தேன். மொத்தமே ஒரு செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்குகூடக் குறையாது. நீங்க என்னடான்னா தினம் நாலு நிமிஷம்ங்கிறீங்க!”

“தினம் இல்லட்டி. டியூட்டி நாள்ல மட்டும். காலையில கையெழுத்துப் போடப் போனா, ஸ்டேஷன் கடிகாரத்துக்கு என் வாட்ச் நாலு நிமிஷம் பின்னால நிக்கும். லீவு நாள்ல ஏக்தம் கரெக்ட். ரிட்டயர் ஆன பொறவு ஒரு நிமிஷம் தப்பல. ஓடினாக் குறையுது, ஓடலைன்னாக் குறையல. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும் உனக்கு?”

கெசியா விடுவதாக இல்லை. “ஸ்டேஷன்ல திருத்திடுவீங்கல்ல? சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும்?”

“சரியாத்தான் இருக்கும்.”

“பாத்தீங்களா! நாள் பூரா ரயில்ல ஓடியும் குறையல. வீட்டுல சும்மா கெடக்கும்போதுதான் குறைஞ்சிருக்கு. தத்துவத்துக்கு நேர் தலைகீழ்!”

தேவநேசன் அசரவில்லை. “ஓடின களைப்பு பொறவுதான தெரியும்? எனக்குக் கால்வலியே படுத்த பொறவுதான் வரும்.”

சமையலறையில் அம்மா கிருபாவதி, கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“சரி, ஒண்ணு செய்வோம்” என்றார் தேவநேசன். “ஓடுற நாள்ல மட்டும் ஏன் குறையுதுன்னு காரணத்தைச் சொல்லு. வாட்சைப் பத்தி மேடையில வாயே திறக்க மாட்டேன்.”

வாட்சை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி குளிக்கப் போய்விட்டார்.

கெசியா சேலை மாற்ற உள்ளே போனாள். ஊக்கு குத்திக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றாள். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாட்சை எடுத்தாள். சாவித் திருகை இழுத்து, முள்ளை நாலு நிமிஷம் பின்னால் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தாள். குழம்புக்கு உப்புப் போடுவது போல அத்தனை பழகிய கை.

“அம்மா!”

“ஏளா, மெல்ல!” கிருபாவதியின் முகம் சிவந்துவிட்டது. “அந்த மனுஷன் எங்க போனாலும் முக்கால் மணி நேரம் முன்னாடியே போய் நிக்கிற ஆளு. நின்னுக்கிட்டே டீயை வாயில ஊத்திட்டு ஓடுவாரு. இப்படித் திருப்பி வெச்சா, ‘இன்னும் நேரம் கெடக்கே’ன்னு நாலு நிமிஷம் என் பக்கத்துல உக்காந்துட்டுப் போவாரு. டியூட்டிக்கும் பங்கம் இல்ல. கல்யாணம் ஆன மறு வாரத்துலேருந்து இதான். அவர்ட்ட சொல்லிராத, என்ன?”

கெசியா ஃப்ரிட்ஜ் மேல் இருந்த வாட்சைப் பார்த்தாள். முப்பது வருஷம்! ஆனால் சந்திரிகா மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாரே. பாவம் அம்மா, சொல்லாமல் இருக்கவும் வழியில்லை.

தேவநேசன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாட்சைக் கட்டினார். “அட, இன்னும் நேரம் கெடக்கே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருபாவதி இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போனதும் கெசியா அப்பாவின் காதருகே குனிந்தாள். “அப்பா, காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். அந்த வாட்சை அம்மாதான்…”

“ஷ்ஷ்! எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ நிறுத்திப்புடுவாட்டி” என்று தேவநேசன் சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டார். “மேடையில வாட்சைப் பத்தி இல்ல, ரயில் சிக்னலைப் பத்தித்தான் பேசப் போறேன். ரிட்டயர் ஆன பொறவு மூணு மாசமா அவ இந்த வாட்சைத் தொடவே இல்ல. எங்கயாவது கிளம்பினாத்தான தொடுவா? அதுக்குத்தான் இந்தக் கூட்டத்துக்கே ஒத்துக்கிட்டேன்!”