அரைக் கிலோ சேவு

"மாமாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்காக. உன்னையும் பிள்ளைகளையும் கூட்டியாரச் சொல்லி, சேவு குடுத்து விட்டாக" என்று பொட்டலத்தை நீட்டினான் அருஞ்சுனை. அருப்புக்கோட்டையிலிருந்து வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய், குரல் பிசகாமல் வந்துவிட்டது.

அவன் அக்கா கோகிலாம்பாள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வேம்பார்க் கடலில் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலுக்குப் பயந்து வருசா வருசம் இங்கே சித்தி வீட்டில் பத்து நாள் இருப்பாள். பத்தாம் நாள் புருசன் பொன்னுச்சாமி வந்து, கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அழைத்துப் போவார். இன்றைக்கு ஆறாம் நாள்தான்.

பொன்னுச்சாமி இனி வரமாட்டார். இன்று விடிகாலையில் தன் சேவுக் கடையில் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். தீக்குச்சியைக்கூடக் கிழிக்கவில்லை.

"போனதும் சொல்லிராதலே" என்று பெரியவர்கள் அருஞ்சுனையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "முதல்ல வயிறாரச் சாப்பிட வையி. சொல்லிட்டா, எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. சின்னப் பிள்ளைக வேற."

வெறுங்கையோடு போய் நின்றால் அக்கா முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அதனால் பந்தல்குடியில் வாடகைக் காரை நிறுத்தி அரைக் கிலோ சேவு வாங்கிக்கொண்டான். எட்டு வருசமாக மாமா கடையில் எண்ணெய்ச் சட்டியடியில் நிற்கிறவன், காசு கொடுத்துச் சேவு வாங்கியது அதுதான் முதல் தடவை. காரைப் பனங்காட்டுக்குள் மறைவாக விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்தவன்போல நடந்து வந்திருந்தான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் அவனுக்கே கேவலமாக இருந்தது.

கோகிலாம்பாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை ஒடித்து வாயில் போட்டு, கடலைப் பார்த்தபடி மென்றாள்.

"பூண்டு வாசத்தையே காணோம்?"

"பூண்டு வரத்து இல்லக்கா. விலை ஏறிப்போச்சு."

"இருக்கும்" என்றாள். பொட்டலத்தை நூல் சுற்றி மணலில் வைத்தாள். பிறகு கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "ஏ முத்துலட்சுமி! தம்பியத் தூக்கிட்டு வா. சாப்பிடலாம்."

கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். தூக்குவாளியில் சோறும், சாளைமீன் குழம்பும். பிள்ளைகள் தலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையை நீட்டின. அக்கா முள் எடுத்து, உருட்டி உருட்டி வைத்தாள்.

"போதும்மா" என்று சின்னவன் எழுந்து நண்டு வளையைப் பார்த்து ஓடினான். அவள் சிரித்துக்கொண்டே துரத்திப் போய், வளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நண்டுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று கதை சொல்லி ஊட்டினாள். நண்டு வெளியே வரவே இல்லை. பையன் நண்டின் பங்கையும் சேர்த்துத் தின்றான்.

அருஞ்சுனைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே உறவெல்லாம் வாசலில் கூடிக் காத்துக் கிடக்கிறது. இங்கே இவள் நண்டோடு விளையாடுகிறாள். ஒன்றும் அறியாமல் இப்படிச் சிரிக்கிறாளே என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்தது.

"நீயும் ரெண்டு வாய் சாப்பிடுக்கா."

"சாப்பிடாம எங்க போறேன்?" என்று அவளும் இரண்டு கவளம் வாயில் போட்டாள். மெல்லவே வெகுநேரம் ஆயிற்று. "நீ சாப்பிடலையாடா?"

"வர்ற வழியில சாப்பிட்டேன்."

எட்டு வயது முத்துலட்சுமி பாவாடை மடியை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே இருபது, முப்பது சிப்பிகள். "மாமா, இதெல்லாம் அப்பாவுக்கு. அப்பா எப்ப வருவாக?"

அருஞ்சுனை ஒரு சிப்பியை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அக்காதான் மகளின் ஈரத் தலையைத் துவட்டியபடி பதில் சொன்னாள்.

"அப்பா வரலைடி. இந்த வருசம் நாமதான் போறோம். இந்தா, இந்த ஒரு உருண்டையை மட்டும் வாங்கிக்க. என் தங்கமில்ல."

நம்பிவிட்டாள் என்று அவன் பெருமூச்சு விட்டான். தூக்குவாளி காலியாயிற்று. சின்னவன் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். அதற்கு முத்துலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவனும் கெக்கலித்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கை கழுவ அலையைப் பார்த்து ஓடினான்.

இனிச் சொல்லிவிட வேண்டியதுதான். அருஞ்சுனை மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டினான். "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

கோகிலாம்பாள் தூக்குவாளியை மூடினாள். மூடி இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவைதான் பொருந்தியது.

"நம்ம கடை அடுப்பு எரிஞ்சிருந்தா, அடுத்த கடைச் சேவை எனக்கு வாங்கிட்டு வருவியாடா நீ?"

அருஞ்சுனை நிமிர்ந்து பார்த்தான். அவள் கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது.

"பிள்ளைக வயிறு ரொம்பிருச்சு தம்பி. இனி நான் அழலாமா?"