மூன்று கால் ஸ்டாண்டு

எண்பத்தேழில், ஃபிஜியில் இந்தியர் ஆதரவோடு வந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்த மறுமாதம், சிகடோகா பக்கம் பொன்சாமியின் கரும்புத் தோட்டத்துக்குப் போட்டோ எடுக்கப் போனேன். வீடு, கரும்பு, மாடு எல்லாம் ஒரே படத்தில் வேண்டுமாம். கேமராவுக்கான என் மர ஸ்டாண்டை வயல் நடுவே மூன்று காலும் அழுந்த ஊன்றினேன்.

பக்கத்து வயல் ராஜகோபால் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நிலத்தை அளக்கிறீங்களா சார்? எங்க குத்தகையைப் புடுங்கப் போறீங்களா?"

"போட்டோக்காரன்யா நான்! இது கேமரா ஸ்டாண்டு."

"மில்லு பக்கம் அளந்தவனும் இதே மாதிரி மூணு காலுதான் வச்சிருந்தான். அவனும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னான்."

அந்த வாரமே ராஜகோபால் டிராக்டரை விற்றான். அதைப் பார்த்து அடுத்த வீடு மாட்டை விற்றது. எல்லோருக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவன் நான்தான். போகாதீர்கள் என்று கத்திக் கத்தியே எடுத்தேன்.

மூன்று மாதத்தில் பாதி ஊர் காலி. கடைசியில் பொன்சாமியே பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்களுமா? அன்னிக்கு என்னைக் கூப்பிட்டதே நீங்கதானே!"

"இத்தனை பேரு சும்மாவா ஓடுறாங்க தம்பி? அவங்களுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு. நானும் ஆக்லாந்துல மவன்கிட்டயே போயிடறேன்."

நான் எடுத்த படத்தைச் சட்டைப்பையிலிருந்து உருவினார்.

"தபாலாபீஸ்ல எந்நேரமும் விசா மனு அனுப்புற கூட்டம். இதை அனுப்பவே முடியல. கையிலயே கொண்டுபோறேன்."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் மகனுக்கு எழுதியிருந்தார்:

'படத்தைப் பார். இங்கே ஒரு பயமும் இல்லை. யாரும் எங்கேயும் போகவில்லை. நீயும் திரும்பி வந்துவிடு.'