நாற்பதாம் நம்பர்

"இன்னொரு தடவை பார்த்துடும்மா" என்றார் பேராசிரியர் எசென்பெக். ஏற்கெனவே ஐந்து தடவை பார்த்தாகிவிட்டது.

அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெகாயிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹார்மோன் தட்டினால் விழித்துக்கொண்டு, செல்கள் தறிகெட்டுப் பெருகாமல் பிரேக் போடும் ஜீன் ஒன்று மார்பில் இருக்கிறது. புற்றுக்கட்டியில் அது தூங்கிப்போகிறது என்று அவர் கட்டுரை எழுதியிருந்தார். அதில் அவள் பெயரும் இருந்தது.

சோதனைக்கு வரும் கட்டிகளுக்கு நோயாளியின் பெயர் கிடையாது, நம்பர்தான். முப்பத்தொன்பது கட்டிகள் அவர் சொன்னபடி கேட்டன. நாற்பதாவதில் ஜீன் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அப்படிப்பட்ட கட்டி மாத்திரைக்கே அடங்கும். நோயாளிக்கு நல்லதுதான், கட்டுரைக்குத்தான் கெட்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறாரே, இவரெல்லாம் ஒரு பேராசிரியரா? பொய்க்கு என் பெயரும் துணை போகவேண்டுமா? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது எழுத்தர் குல்பார் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பேராசிரியரை அங்கே எல்லோரும் 'அகாய்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"சுயுன்சு, அகாய்! உங்க கட்டுரையைப் பத்திரிகையில போடுறாங்களாம்."

நல்ல சேதி கொண்டுவந்தவர் 'சுயுன்சு' என்று கேட்டால், கையிலிருப்பதைக் கழற்றியாவது கொடுத்துவிட வேண்டும். பிஷ்கெக்கில் பரம ஏழைகூடக் கொடுப்பான்.

"இதுக்கெல்லாமா சுயுன்சு கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு எசென்பெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகா கஞ்சன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் குல்பார்.

சாயங்காலம் ஆறாவது முடிவை அவர் மேசைமேல் வைத்தாள் பெகாயிம். வேலை போனாலும் போகட்டும்.

"ஜீன் நல்லாத்தான் வேலை செய்யுது, அகாய். நூறு தடவை பார்த்தாலும் இதேதான். என் பேரைக் கட்டுரையிலேர்ந்து எடுத்துடுங்க."

அவர் தாளை எடுத்துக் கடைசி வரி வரை படித்தார். பிறகு மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"லஞ்சமா?" என்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

"கட்டுரையைப் போட வேணாம்னு மத்தியானமே எழுதிட்டேன்" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "இது சுயுன்சும்மா. நாற்பதாம் நம்பர் என் வீட்டுக்காரி."